அடித்தல் திருத்தல் கூடாது

இருங்க, இருங்க. கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. கார்டைக் கம்பி வழியா நீட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.

சரிபார்ப்பு அலுவலருங்களா? ம். படம் உங்களாட்டத்தான் இருக்குது, மீசைதான் இல்ல. இதுல ஒரு நம்பர் போட்டிருக்கே, கூப்பிட்டா யார் எடுப்பாங்க? உங்க ஆபீஸ்ல எடுப்பாங்க. "ஆமாங்க, அவரு நம்ம ஆளுதான்"ன்னு சொல்லுவாங்க. நீங்களே அச்சடிச்ச கார்டு, நீங்களே போட்ட நம்பர், நீங்களே சொல்ற பதிலு. அதை நான் நம்போணும்! தப்பா நெனைக்காதீங்க. நான் இந்தச் சோதனைத் தொழில்லயே பன்னெண்டு வருஷம் இருக்கறவ.

கீழ் வீட்டுத் தமயந்தியைப் பத்தி விசாரிக்கோணும், அவ்வளவுதானே? தெரியுமுங்க. அவளுக்குச் சென்னையில பேங்கு ஒண்ணுல செக்யூரிட்டி டெஸ்டிங் வேலை கெடைச்சிருக்குது. சேத்துக்கறதுக்கு முன்னாடி விலாசம் நெசமா, ஆளு எப்படின்னு அக்கம்பக்கத்துல ஒருத்தரைக் கேட்டு எழுதுவாங்க. எங்க கம்பெனியிலயும் அப்படித்தான். கீழ பூட்டிக் கெடக்கும். நேத்தே பெட்டியை இழுத்துட்டுப் போனா. என்கிட்டச் சொல்லல, கம்பெனியில பேசிக்கிட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க, எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு.

அந்தப் படிவத்தைக் காட்டுங்க. "அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது." அப்படிங்களா? ஒரு ஆளுக்கு ஒரே படிவம்தானா, நம்பர் போட்டது? நல்ல ஏற்பாடுங்க. எழுதுனா எழுதுனதுதான், பொறவு எவனும் மாத்த முடியாது. சரி, உள்ள வாங்க. செருப்பை அங்கயே உடுங்க. போனைக் கவுத்து வைங்க. ஆமா, ரெண்டையும்.

என்ற பேரு கோகிலவாணி. எழுதிக்கங்க. அவளைத் தெரிஞ்சு ஒம்பது வருஷம். ஒரே கம்பெனி, ஒரே பஸ்ஸு, மேல் வீடு கீழ் வீடு. அவ என்னை விட ஏழு வயசு சின்னவ, அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. நாங்க ரெண்டு பேரும் மேனுவல் டெஸ்டிங். அப்படின்னா என்னன்னா, சாப்ட்வேர்ல ஒரு பட்டனை அமுக்குனா அது சரியா ஓடுதான்னு பார்க்கறது. பன்னெண்டு வருஷம் அமுக்கியிருக்கறனுங்க. ஒரு வரி புரோகிராம் எழுதுனதில்ல.

போன வருஷம் பொங்கல் லீவு முடிஞ்சு போறோம், மேனேஜர் ரங்கராஜு கூப்பிட்டு உக்கார வெச்சாரு. பட்டன் அமுக்கறதையெல்லாம் இனி மெஷினே பார்த்துக்கும், இந்த டீமு நெம்ப நாளைக்கு இருக்காது, செக்யூரிட்டி டெஸ்டிங்குல ரெண்டு இடம் இருக்குது, ஜூன் மாசம் பரீட்சை, ஏதாவது ஒரு புரோகிராமிங் மொழி தெரிஞ்சிருக்கோணும்னாரு. செக்யூரிட்டி டெஸ்டிங்னா உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். திருடன் எந்த ஜன்னல் வழியா வருவான்னு அவனுக்கு முந்தி நாம ஏறிப் பார்த்துச் சொல்லற வேலை. எனக்குன்னே செஞ்ச வேலையாட்ட இருந்துது. சந்தேகப்படறதுக்குச் சம்பளம் தர்றாங்கன்னா நான் உடுவனா?

ஆனா எந்த மொழி? அங்கதானுங்க வந்துச்சு வினை.

அன்னிக்குச் சாயங்காலம் படியேறி வர்றேன், தமயந்தி கதவுல நிக்கறா. "அக்கா, பைத்தான் எடுத்துக்கோங்க. நமக்கு லேசா வரும். சின்னச் சின்ன புரோகிராமா நாமளே எழுதி, ஒரு வெப்சைட்டை ஆயிரம் தடவை தட்டிப் பார்க்கலாம். நான் குறிப்பு எழுதறேன், உங்களுக்கும் லிங்க் அனுப்பறேன்"ன்னா.

நீங்களே சொல்லுங்க. இடம் ரெண்டு. எழுதறது முப்பது பேரு. ஒருத்தி இன்னொருத்திக்குச் சரியான வழியைக் கதவுல நின்னு சும்மா சொல்லுவாளா? என்னத்துக்குச் சொல்லோணும்? நான் அவளுக்கு என்ன செஞ்சேன்? அவ அம்மாவுக்கு ஆபரேசன் ஆனப்பப் பத்து நாள் சோறு கொண்டு போனேன், அது வேற.

லிங்க்கும் வந்துதுங்க, அன்னிக்கே. நான் தொடல. கம்பெனியில வருஷா வருஷம் பாடம் எடுக்கறாங்களே, என்ன இருக்குதுன்னு தெரியாத லிங்கைத் தொடாதேன்னு. அதைத் தொட்டா என்ற போன்ல இருக்கறதெல்லாம் அவளுக்குப் போயிட்டா? நான் என்ன படிக்கறேன், எவ்வளவு படிச்சிருக்கறேன்னு தெரிஞ்சுட்டா? வாரத்துக்கு ஒரு தடவை "புதுசா சேர்த்திருக்கேன் அக்கா"ன்னு வரும். அவ மெசேஜையெல்லாம் சத்தமில்லாம ஒதுக்கி வெச்சுட்டேன், போன்ல கீழ ஒரு மூலையில போடலாமே, அங்க.

இருந்தாலும் பைத்தானை நானே பத்தொம்பது நாள் படிச்சனுங்க. தண்ணி குடிக்கறீங்களா? மூடி போட்ட பாட்டில்தான், நீங்களே திறந்துக்கங்க.

பொறவு ஒரு நாள் கம்பெனி பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து தூங்கிட்டு வர்றா. மடியில போன் எரிஞ்சுட்டுக் கெடக்குது. நான் எட்டிப் பார்க்கலீங்க. கண்ணு பட்டுச்சு. மூணு நாள் பட்டுச்சு. மூணு நாளும் என்ன ஓடுதுங்கறீங்க? ஜாவாஸ்கிரிப்ட்! எனக்குப் பைத்தானாம், அவளுக்கு ஜாவாஸ்கிரிப்டாம். இதை எழுதிக்கங்க: முகத்துக்கு நேரா ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணு. எழுதுங்க, என்னைப் பார்க்காதீங்க. சாட்சி சொல்றதை எழுதறதுதானே உங்க வேலை?

அன்னிக்கே பைத்தானை மூட்டை கட்டிட்டு ஜாவாஸ்கிரிப்ட் ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்பத்தான் ஒரு யோசனை. போனை அணைக்காம எவளாவது தூங்குவாளா? அதுவும் மூணு நாள், அதுவும் நான் பார்க்கற பக்கமா? எனக்குக் காட்டறதுக்குன்னே வெச்சிருக்கறா! அப்ப ஜாவாஸ்கிரிப்டும் இல்ல. வேற ஏதோ.

காந்திபுரத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல போய்க் கேட்டேன். ஜாவாதான் மேடம், கண்ணை மூடிட்டுச் சேருங்கன்னாரு. கண்ணை மூடிட்டா? வெளிய வந்து காவல்காரர்கிட்ட மெதுவா விசாரிச்சேன். அங்க இருக்கறதே ஒரு வாத்தியாருதானாம், அவருக்குத் தெரிஞ்சதே ஜாவாதானாம். எப்படியிருக்குது கதை! சேர்ந்தேன், சேராம இல்ல. ஒரு மாசத்துல நின்னுட்டேன்.

மேனேஜரையே கேட்டறலாம்னு போனா, "எதுவானாலும் பரவால்லம்மா. ஒண்ணை எடுத்துட்டு ஜூன் வரைக்கும் விடாம உக்காருங்க, ஒண்ணு நல்லா வந்தா மத்தது தானா வரும்"ங்கறாரு. யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? மருந்துக் கடையில போய்க் கேட்டா எந்த மாத்திரையானாலும் பரவால்லன்னு சொல்லுவாங்களா? எதுவானாலும்னு சொல்ற ஆளு எதையோ மறைக்கறாருன்னுதான் அர்த்தம். கடைசியில நானே ஒரு முடிவுக்கு வந்தனுங்க. பைத்தானை ஒருத்தி சொல்றா, ஜாவாவை ஒருத்தர் விக்கறாரு. யாரும் சொல்லாத மொழி எது? சி. யாரும் சொல்லாததுலதான் யாருக்கும் லாபம் இல்ல. சி புஸ்தகம் வாங்கி வந்து அட்டை போட்டு உக்காந்தேன்.

எந்த மொழியிலயும் மொதப் பாடம் ஒண்ணுதானுங்க. கம்ப்யூட்டரை "வணக்கம்"னு சொல்ல வைக்கறது. மே மாசம் வந்தப்ப எனக்கு நாலு மொழியில வணக்கம் சொல்லத் தெரியும். அதுக்கு மேல பேச்சு வராது.

சிரிக்கறீங்களா? இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துது.

இனிமேட்டுக்குத்தான் இருக்குது விசயம். மே மாசம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். லெமன் சாதத்தை ரெண்டு வாய் போட்டிருப்பேன், லேப்டாப்புல ஒரு மெயில். "ரகசியம். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும். செக்யூரிட்டி தேர்வில் கேட்கப்போகும் மொழி எது என்று அறிய உங்கள் எண்ணையும் கடவுச்சொல்லையும் இடவும். பிறரிடம் பகிர வேண்டாம்." சாதத்தை அப்படியே வெச்சுட்டேன். நாலு மாசமா நான் தேடறது இதுதானே? எல்லாரும் மறைக்கறாங்கன்னு நான் சொன்னனா இல்லையா? மறைக்கற எடம் ஒண்ணு இருக்குதுன்னு அதுவே சொல்லுதே! அதுவும் யாருக்கும் சொல்லாதேங்குது. பொய் சொல்றவன் நாலு பேருக்குச் சொல்லுன்னுதானே சொல்லுவான்?

எதிர்ல தமயந்தி உக்காந்து சாப்பிட்டுட்டிருக்கா. "என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"ங்கறா. டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துத் திரைக்கு முன்னாடி நிறுத்தி வெச்சுட்டு, "ஒண்ணுமில்ல, என்ற தங்கச்சி புள்ளை போட்டோ"ன்னேன். நம்பரைப் போட்டேன். கடவுச்சொல்லைப் போட்டேன். அமுக்குனேன்.

மீன் படம் வந்துதுங்க. தூண்டில்ல தொங்கற மீனு. "இது ஒத்திகை. நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள்"ன்னு. செக்யூரிட்டி டீமே முப்பது பேருக்கும் அனுப்பி வெச்ச பொய் மெயில். சிக்கினவங்க அந்த வருஷம் பரீட்சை எழுதக் கூடாதாம். ஆறு பேரு சிக்கினோம். அவ சிக்கல. போன்ல மெயிலைத் திறந்ததும் இது நம்ம கம்பெனி விலாசத்துல இருந்து வரலன்னு புகார் பட்டனை அமுக்கிட்டாளாம். அமுக்கிட்டு, எதிர்ல உக்காந்தபடியே, "அக்கா, ஒரு மெயில் வந்துச்சா, தொட்டறாதீங்க"ன்னா. நான் அப்பத்தான் மீனைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறேன். எப்படித் தெரிஞ்சுது அவளுக்கு? யாரோ முன்னாடியே சொல்லியிருக்கோணும். சொன்னதை எனக்கு ரெண்டு நிமிசம் முன்னால சொல்லியிருந்தா என்ன? இதையும் எழுதுங்க: தனக்குத் தெரிஞ்சதை அடுத்தவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. எழுதுனீங்களா? அடுத்த வரியில இன்னொண்ணு: கூட இருந்தே குழி பறிக்கறவங்க.

ஜூன்ல அவ பாஸாயிட்டா. ஸ்வீட்டு கொண்டு வந்தா, நான் கதவைத் திறக்கல. அதோட சரி. போன மாசம் எங்க டீமைக் கலைச்சாங்க. நான் இப்ப பெஞ்சுல இருக்கறேன். பெஞ்சுன்னா கம்பெனியில இருப்போம், வேலை இருக்காது. அறுபது நாள் தருவாங்க, அதுக்குள்ள எவனாவது எடுத்தாச் சரி, இல்லீன்னா வீடுதான். இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்குதுங்க. வீட்டுக்காரர்கிட்டக்கூட இன்னும் முழுசாச் சொல்லல. தினமும் காலையில அதே பஸ்ஸேறிப் போயிட்டு வர்றேன். யாருகிட்டச் சொல்றது? சொல்லிட்டிருந்த ஒருத்தியும் கீழ் வீட்டுக்காரியாப் போயிட்டா.

முடிஞ்சுதுங்களா? இன்னும் என்ன? கரண்டு பில் அட்டையைப் போட்டோ எடுக்கோணுமா, அவ பேர் போட்டது? அது அவ வீட்டுக்குள்ள இருக்கும். அவளுக்கே போன் போட்டுக் கேளுங்க. நான் இங்க இருக்கறேன்னு சொல்லாதீங்க.

என்ன சொல்றா?

என்கிட்டச் சாவி இருக்குதுன்னு சொன்னாளா? அவளா சொன்னா? "வாணியக்காகிட்ட எப்பவும் ஒரு சாவி இருக்கும், அவங்க திறந்து குடுப்பாங்க"ன்னா?

ஆமா, இருக்குது. அதா அந்த ஆணியில தொங்குதே, பச்சைக் கயிறு போட்டது. ஒம்பது வருஷமா அங்கதான் தொங்குது. என்ற வீட்டுச் சாவி ஒண்ணும் அவகிட்ட இருக்குது. அவளும் திருப்பிக் கேக்கல, நானும் கேக்கல. என்னத்துக்கு இப்படிப் பார்க்கறீங்க? சாவி வேற, இது வேற. அந்தப் புள்ளை மேல சந்தேகம் இருந்தா என்ற வீட்டுச் சாவியை ஒம்பது வருஷம் அவகிட்ட உட்டு வெச்சிருப்பனா?

இருங்க, சாவியை எடுத்துக்கறேன்.

வாங்க, கீழ போலாம். படி பார்த்து வாங்க, அந்த மூணாவது படி ஒடைஞ்சிருக்குது.

இந்தப் பூட்டு கொஞ்சம் இழுத்துத் திருகோணும். ம், வாங்க. வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கறா, பாருங்க. அட, என்ற போன் என்னமோ சத்தம் போடுது. உள்ள வந்ததும் தானா அவ வைஃபையில சேர்ந்துக்குச்சு. எப்பவோ அவதான் போட்டுக் குடுத்தா. ஒதுக்கி வெச்ச அந்த மூலையில மெசேஜு வந்திருக்குது. அவதான். "ஸாரிக்கா, உங்களுக்குச் சிரமம். அட்டை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு." அதா, பிஸ்கட் டப்பாவுக்குக் கீழ. எடுத்துக்கங்க, போட்டோ எடுத்துட்டு அங்கயே வைங்க.

இதுக்கு மேல அவ அனுப்பினதெல்லாம் இருக்குதுங்க. ஒண்ணும் நான் திறந்ததில்ல. கடைசியா வந்தது போன வருஷம் ஜூன் மாசம். "அக்கா, அடுத்த தடவை நீங்க எழுதலாம். நான் இங்கதான் இருக்கேன்." அதுக்கும் மேல, எல்லாத்துக்கும் மேல, அந்த லிங்கு.

ஏனுங்க, நீங்க ஊரெல்லாம் சரி பார்க்கறவரு. இதைத் தொடட்டுங்களா? தொட்டா ஒண்ணும் ஆகாதே?

திறந்துருச்சு.

"கோகிலவாணி, தமயந்தி. வேறு யாரும் பார்க்க முடியாது"ன்னு போட்டிருக்குதுங்க. மொதப் பக்கம். தேதி ஜனவரி இருபது, அந்தக் கதவுல நின்னு சொன்னாளே, அன்னிக்கே. "அக்கா, பைத்தான்ல எழுதக் கத்துக்கோங்க. ஜாவாஸ்கிரிப்ட்டைப் படிச்சாப் புரியற அளவுக்குப் பழகிக்கோங்க, வெப்சைட்டெல்லாம் அதுலதான் ஓடுது. ரெண்டும் வேணும். நானும் ரெண்டும்தான் படிக்கறேன், பஸ்ல ஜாவாஸ்கிரிப்ட், வீட்ல பைத்தான். இடம் ரெண்டு இருக்கு. நாம ரெண்டு பேரும் போயிரலாம்."

மொதப் பக்கத்துலயே இருக்குதுங்க. மொதப் பக்கத்துலயே. நான் பஸ்ஸுல கழுத்தை வளைச்சு வளைச்சுப் பார்த்தனே, அது இதுல மொத வரியில இருக்குது.

கீழ போயிட்டே இருக்குது பாருங்க. நாப்பத்தியோரு பாடம். பாடத்துக்குப் பாடம் "இந்த இடத்துல உங்களுக்குச் சந்தேகம் வரும் அக்கா"ன்னு எழுதியிருக்கறா. பதினாலாவது பாடம், "தெரியாத மெயில் வந்தா"ன்னு. அந்த மீன் மெயிலுக்கு ஒரு மாசம் முந்தி எழுதியிருக்கறா.

கொஞ்சம் உக்காந்துக்கறனுங்க. ஒண்ணுமில்ல.

ஏனுங்க, நீங்க அந்த மூணையும் எழுதிட்டீங்களா? நான் சொன்னதை? காட்டுங்க. அய்யோ, பேனாவுலயே எழுதியிருக்கீங்களே. நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னா அப்படியேவா எழுதுவாங்க? ஆமா, நான்தான் எழுதச் சொன்னேன். இது இப்படியே போனா அவ வேலை நின்னுருமா? நிக்கும்னுதான் தலையை ஆட்டறீங்க. அடிச்சிருங்களேன். அடிச்சா படிவமே செல்லாது, வேற படிவம் இல்ல. நல்ல ஏற்பாடுன்னு நான்தானே சொன்னேன், உங்க மொகத்துக்கு நேரா.

அந்தக் குறிப்பு எழுதற கட்டத்துல எடம் இருக்குதுங்களா? ரெண்டு வரிக்கு இருக்கும். பேனாவைக் குடுங்க. என்ற கையிலயே எழுதறேன், சாட்சி எழுதலாமுல்ல? படிச்சுக் காட்டறேன், சரியா இருக்குதான்னு பாருங்க.

"மேலே உள்ள மூன்றும் உண்மை. ஆனால் அவை தமயந்தியைப் பற்றியவை அல்ல, சொன்னவளைப் பற்றியவை. தமயந்தியை நம்பலாம். அவர் வீட்டுச் சாவி என்னிடமும், என் வீட்டுச் சாவி அவரிடமும் உள்ளது. இப்படிக்கு, கோகிலவாணி."

எதையும் அடிக்கல. எதையும் திருத்தல. பாருங்க. இது செல்லுமுங்களா?